நாணல் எரிந்த நாள்

அப்போது ஏரிக்கரையில் ஊர் என்று ஒன்று இல்லை. அவசரமாகக் கட்டிய சில குடிசைகள், சுற்றிலும் ஆள் உயர நாணல், கால் வைத்தால் விடாத சேறு. அக்கரையில் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போனபோது, ஓடத்தில் ஏறித் தப்பி வந்தவர்கள் இவர்கள்.

நெசவுக்காரியின் தங்கை மட்டும் வரவில்லை. நிறைமாதம். பிள்ளை பிறந்ததும் ஓடம் அனுப்புவதாகப் பேச்சு. கிளம்பும்போது அக்காள்தான் சொல்லி வைத்தாள்: "அங்கயும் காய்ச்சல் வந்துட்டா பெரிசா புகை போடுறோம். பார்த்தா எங்களுக்காகக் காத்திருக்காதீங்க. புருஷனும் நீயும் மலைப்பக்கம் போயிடுங்க."

இப்போது கோடாலி நாணலுக்குத் தீ வைக்க நின்றார். கூட்டத்தை அழைத்து வந்தவர் அவர். யார் என்ன சொன்னாலும் வெட்டிப் பேசுவதால் அந்தப் பெயர்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. ஓடம் போய் என் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்துடட்டும்."

"மேகத்தைப் பாரு. மழை பிடிச்சா இது எரியாது. விதை மூட்டையிலேயே முளைவிடுது. அப்புறம் எதை விதைக்கிறது, உன் தறியையா?"

நாலு பேர் சிரித்தார்கள்.

"புகையைப் பார்த்தா போயிடுவா அண்ணே."

"இவ்வளவு தூரம் தெரிய அவளுக்கென்ன கழுகுக் கண்ணா? ஓடக்காரன் இப்பவே கிளம்பட்டும். போதுமா?"

ஓடம் கிளம்பியது. தீயும் கிளம்பியது. நெசவுக்காரி ஈரத்துணியால் அடித்து அடித்துப் பார்த்தாள், துணிதான் கருகியது. புகை எழும்பிச் சூரியனையே மறைத்தது.

ஓடக்காரர் மழையில் நனைந்து திரும்பினார். ஓடத்தில் அவரைத் தவிர யாருமில்லை.

"வீடு பூட்டிக் கிடக்கும்மா. ஜன்னல் வழியா பார்த்தேன். அடுப்புல இன்னும் தணல் இருக்கு. உத்தரத்துல தொட்டில் கட்டின கயிறு மட்டும் தொங்குது."

"அப்ப பிள்ளை பிறந்திருச்சா?"

"பிறந்திருக்கும்."

"மலைப்பக்கம் தேடலையா?"

"தொண்டை கிழியக் கத்தினேன். மழைதான் பதில் சொல்லுச்சு."

சாம்பல் படிந்த மண்ணில் அந்த ஆண்டு கதிர்கள் தலை தாங்காமல் சாய்ந்தன. முதல் அறுப்பில் ஒரு மரக்கால் தானியத்தோடு கோடாலி அவள் வாசலுக்கு வந்தார். மரக்காலை அவளிடம் நீட்டினார். முகத்தில் விசிறியடிப்பாள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஆனால் பசித்தது. மடியை விரித்து வாங்கிக்கொண்டாள்.