பூமூடி

தோட்டத்தில் கொடி படர நாலு கால் நட்டு மேலே கம்பு பரப்பினால், ஊரெல்லாம் அதைப் பந்தல் என்றுதான் சொல்லும். அகராதியார் வீட்டில் மட்டும் அது பூமூடி. அவர் மனைவி வாயில் வேறு பேரே வராது.

"பூமூடிக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன்" என்பாள்.

"பந்தல்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று இவர் கிண்டலடிப்பார். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். ஊரான் சொல்லுக்கெல்லாம் வேர் தேடி அகராதி போடுகிற மனுஷனுக்கு வீட்டுச் சொல் என்றால் அப்படி ஓர் இளக்காரம்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சொல் அவரைப் பிடித்து ஆட்டியது. அதை எப்படியாவது அகராதியில் ஏற்றிவிட வேண்டும். அவளுக்கென்று தன்னால் இனிச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்தார். ஆனால் ஒரே வீட்டில் புழங்கும் சொல் ஏறாது, இன்னொரு வீட்டாரும் சொல்ல வேண்டும் என்பது அகராதி அலுவலகச் சட்டம்.

"சட்டம் நீங்க போட்டதுதானே சார்" என்று உதவி ஆசிரியர் தலையைச் சொறிந்தார்.

மனைவி பிறந்த ஊர் வழக்காகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, மச்சினி வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊர்லயா? நாங்களும் பந்தல்னுதான் சொல்வோம் அத்தான்."

"அப்ப உங்க அக்காவுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள் மச்சினி. "பாப்பா வச்ச பேரு. கொடி பூத்திருந்தப்ப அடியில உக்காந்து அண்ணாந்து பாத்துட்டு, மேல பூவால மூடி போட்டிருக்குன்னு சொல்லிச்சாம்."

பாப்பா, பேசக் கற்ற கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போன மகள். இனி அவள் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று வீட்டுக்கு வாய்ப்பூட்டு போட்டவர் அகராதியார்தான். தாங்க முடியாமல் போட்டார். மனைவிக்கும் தாங்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"பேரைச் சொல்லக் கூடாதுன்னுட்டீங்க. இதையாவது சொல்லிட்டே இருந்தா, என்ன வார்த்தை இதுன்னு என்னைக்காவது கேப்பீங்கன்னு அக்கா காத்துட்டு இருந்தா. நீங்க கேக்கவே இல்ல அத்தான்."

அகராதியார் எதிரே இருந்த துணிக்குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு கேட்டார்:

"பாப்பா வேற என்னல்லாம் சொல்லும்?"

மச்சினி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும்."