ஏழாம் நம்பர் மெத்தை

ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்பிய கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தவரின் விரலில் ஒரு டிக்கெட் தட்டுப்பட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூடத்தில் அவர் மனைவி வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தாள். சுற்றிலும் நாற்காலிகள், சொந்தக்காரர்கள், தாழ்ந்த குரலில் பேச்சு.

முப்பது வருடம் பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் சோதித்தவர். ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் தெருவில் அவருக்குச் 'செக்கர்' என்றுதான் பெயர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடித்துவிடுவார் என்று டெப்போவில் பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். யூனிஃபார்ம் பொத்தான் ஒன்று காணாமல் போனதற்காகச் சலவைக்காரரை ஒரு மாதம் வாசலில் நிறுத்தி விசாரித்த மனுஷர்.

ஆறு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போவாள். நேற்றும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்திலேயே உட்கார்ந்தாளாம், அவ்வளவுதான். எந்த நிறுத்தம் என்று நேற்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அக்கா வீடு தெற்கே. கையில் இருக்கும் டிக்கெட் வடக்கே, கடைசி நிறுத்தம் வரைக்கும்.

மனைவியின் அக்காவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணி, வியாழக்கிழமை உங்க வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவா?"

அழுது வீங்கிய முகத்தோடு அந்த அம்மாள் பாத்திர அலமாரியைப் பார்த்தாள். "இப்ப எதுக்கு தம்பி அதெல்லாம்?"

"வருவாளா, மாட்டாளா?"

"அவளே போயிட்டா. விடுங்க."

செக்கர் ஏறியதும் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொள்கிறவர்களை அவர் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறார். இந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும், சொல்ல மாட்டாள்.

நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் அவள் எங்கே போனாள், யாரிடம் போனாள் என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் அனுப்பி வைத்துவிட்டால், இனி அவளை நினைக்கும்போதெல்லாம் இந்த டிக்கெட்தான் முன்னால் வந்து நிற்கும். அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, வாசல்ல நிக்கிறாரே, அவர் யாருப்பா?" என்று மகள் வந்து கேட்டாள்.

"அதைத்தான் நானும் பார்த்துக்கிட்டிருக்கேன்."

ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் கூடப்பிறந்த தம்பிகூட அப்படி அழவில்லை. செக்கர் நேராகப் போய் முன்னால் நின்றார்.

"நீங்க யாரு?"

"சார்..." அந்த ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கேக்கிற நேரம் இல்லதான், தப்பா நினைக்காதீங்க. டீச்சரோட பச்சைப் பை வீட்டுல இருக்கும். நாளைக்கு அது வேணும்."

"இங்க டீச்சர் யாரும் இல்ல. என் வீட்டுக்காரி ரவிக்கை தைக்கிறவ."

"அவங்களைத்தான் சார் சொல்றேன். மிஷினோட கீழ் டிராயர்ல வெச்சிருக்கறதா சொல்லியிருக்காங்க."

இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அந்த டிராயரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வாசலில் நிற்கிற இவனுக்குத் தெரிந்திருக்கிறது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைத் தையல் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"எத்தனை நாளா பழக்கம்?"

"ஆறு வருஷம் சார்." கூச்சமே இல்லாமல் சொன்னார். "நான் வேன் ஓட்டுறேன். அவங்க வந்து சொல்லிக்கொடுப்பாங்க."

"என்னத்தை?"

"மார்புல கட்டி இருக்கான்னு பொம்பளைங்க தாங்களே தொட்டுப் பார்த்துக்கிறது எப்படின்னு. எங்களுது புற்றுநோய்த் தடுப்புச் சங்கம் சார். கம்பெனி கம்பெனியா, தெருத்தெருவா போய் சொல்லிக்கொடுப்போம். டீச்சர் ஒரு பைசா வாங்காம வந்தாங்க. நேத்து கடைசி ஸ்டாப் பக்கத்துல எங்க ஆபீஸ்ல கூட்டம். வரலையேன்னு நான்தான் போன் பண்ணேன். ஆஸ்பத்திரில யாரோ எடுத்தாங்க."

செக்கர் அனிச்சையாக ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. ஏழு வருடம் முன்பு அவர் தங்கை அதில்தான் போனாள். வெட்கப்பட்டு ஒரு வருடம் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தாள். வந்து கேட்டவர்களிடமெல்லாம் 'வயித்துல ஏதோ கோளாறு' என்றே இவர் சொல்லி வைத்தார். சில மாதம் கழித்துக் கையில் அந்த நோய் பற்றிய நோட்டீஸோடு ஒரு பெண் வந்தாள். 'இது குடும்பம் இருக்கிற வீடு, அசிங்கமெல்லாம் பேசாதே' என்று கேட்டோடு விரட்டினார். மனைவி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் அது சம்மதம் என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டிருக்கேன் சார். 'அவருக்குத் தங்கச்சின்னா உயிரு, இந்தப் பேச்சை எடுத்தா தாங்க மாட்டாரு'ன்னாங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாகச் சொல்லப்பட்ட கதைகளை அவர் நிறையக் கேட்டிருக்கிறார். குனிந்து கீழ் டிராயரை இழுத்தார்.

பச்சைப் பை இருந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில், தோல் நிறத் துணியில் வட்டமாகத் தைத்த குட்டி மெத்தைகள். ஓரத்தில் சிவப்பு நூலால் ஒன்றிலிருந்து ஏழு வரை நம்பர்.

"பஞ்சுக்குள்ள கட்டி மாதிரி ஒண்ணு வெச்சு தைச்சிருப்பாங்க. கண்ணுக்குத் தெரியாது. மூணு விரலை வெச்சு, ஓரத்துலேர்ந்து வட்டமா உள்ள வரணும் சார்."

செக்கர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முதலாவதில் மிளகு. அடுத்த இரண்டில் பட்டாணி. நாலாவதில் தட்டையாக, வட்டமாக ஏதோ. நடுவில் மேடாக ஒரு சக்கரம் விரலுக்குத் தெரிந்தது. முப்பது வருடம் தினமும் காலையில் பூட்டிய யூனிஃபார்ம் பொத்தான். சலவைக்காரர் அந்த மாதத்தோடு இந்தத் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். செக்கருக்கு முகம் சுட்டது.

ஐந்திலும் ஆறிலும் எளிதாகக் கிடைத்தது. ஏழாவதில் கிடைக்கவில்லை. திருப்பி வைத்து அழுத்தினார். பலமாக அழுத்தினார்.

"இதுல எங்க இருக்கு?"

"அதுல ஒண்ணும் இருக்காது சார்."

"ஒண்ணும் இல்லாததை எதுக்குத் தைச்சா?"

"சந்தேகத்தோட தேடுறவங்களுக்கு, ஒண்ணும் இல்லாதது எப்படி இருக்கும்னும் விரலுக்குத் தெரியணும்பாங்க. கிளாஸ்ல அதைத்தான் கடைசியா கையில கொடுப்பாங்க."

கதவு திறந்தது. மகள் நின்றாள். "அப்பா, வண்டி வந்துடுச்சு."

ஆறு மெத்தைகளையும் எடுத்துப் பையில் வைத்துவிட்டு, பை வாயை விரித்துப் பிடித்தபடி டிரைவர் ஏழாவதற்காகக் காத்திருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் செக்கர். கண்ணை மூடிக்கொண்டு, மூன்று விரலையும் வைத்து, ஓரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.