கதவில்லாத கடை

கேரல் வாயைத் திறந்தபோது நிக்கோலுக்குப் பாதி உயிர் போய்விட்டது. நல்லவேளை, கொட்டாவி இல்லை. மத்தூர் வடையைக் கடிக்கத்தான் திறந்தாள்.

பணம் போடும் நிறுவனத்துக்காக மும்பையிலிருந்து வந்தவள் கேரல். பிறந்தது கோலார் தங்கவயல். நிக்கோல் உருவாக்கிய 'சாம்பல் நகரம்' கணினி விளையாட்டின் இரண்டாம் பாகத்தை அரைமணி நேரம் ஆடிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப்போகிறாள். முதல் பாகம் முழுக்கச் சுரங்கம். உலகம் அழிந்து, மிஞ்சியவர்கள் பூமிக்கடியில். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு முன்னால் போவதைத் தவிர வேறு வழி கிடையாது. இந்தப் பாகத்தில் நிக்கோல் கூரையைப் பிய்த்து எறிந்திருந்தாள். வற்றிய ஏரி, கவிழ்ந்த மெட்ரோ, எருக்கு முளைத்த மேம்பாலம் என்று எந்தப் பக்கமும் நடக்கலாம். இரண்டு வருட உழைப்பு. "மேடமுக்கு போர் அடிச்சா வெளிய மூடிட்டு பழையபடி சுரங்கம்தான், குரு" என்று முதலாளி ஸ்ரீஹர்ஷா காலையிலேயே சொல்லிவிட்டான். அவனுக்கு எல்லோருமே குரு.

திரையில் கேரல் முதலில் போனது கடைக்கு. விஷக்காற்றுக்கு முகமூடி வடிகட்டி வேண்டும். அந்த உலகத்தில் தோட்டாதான் காசு; கடைக்காரி இருபது தோட்டா கேட்டாள். கேரல் எட்டு என்றாள். படியவில்லை, முதுகைக் காட்டி நடந்தாள்.

"கண்ணு, போறியே! பதினெட்டு குடு!"

நிக்கோலுக்கு வியர்த்தது. அது அவள் அம்மா லூர்துமேரியின் குரல். சிவாஜி நகர் நடைபாதையில் நைட்டி விற்கும் அம்மாவைச் சோதனைக்காகப் பேசவைத்துப் பதிந்தது; மாற்ற மறந்துவிட்டாள். சூத்திரமும் அம்மாவுடையதுதான்: திரும்பிப் போகிற ஆளை உடனே கூப்பிடக்கூடாது, மூன்று அடி போகவிட்டுக் கூப்பிட வேண்டும். சுரங்கக் கடையில் நாலாவது அடியில் கதவு இருந்தது. தாண்டினால் பேரம் முடிந்தது. வெளியில் கதவு ஏது? பின்தொடரும் கடைக்காரி எங்கே நின்றுவிட வேண்டும் என்று நிக்கோல் எழுதவே இல்லை.

மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கடைக்காரி கிளம்பிவிட்டாள். "பதினாறு! சாயங்காலம் வந்தா கெடைக்காது கண்ணு!"

"என்ன குரு இது, நிறுத்து!" ஸ்ரீஹர்ஷா பல்லைக் கடித்தான். நிக்கோலின் கை விசைப்பலகைக்குப் போனது.

"கை வெச்சே, பாரு!" என்றாள் கேரல், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "இந்தம்மா எதுவரைக்கும் வரும்?"

"தெரியாது மேடம்."

"பாத்துடலாம்."

ஏரியைக் குறுக்கே கடந்தாள். பிணந்தின்னி நாய்கள் பாய, சுட்டுக்கொண்டே மெட்ரோ பெட்டியின்மேல் ஏறினாள். "பதினாலு!" பின்னால் மூட்டையும் ஏறியது. வடை ஆறிப்போய், அரைமணி ஒன்றரை மணியானது.

"மேடம், சுரங்கம் காட்டட்டா?" ஸ்ரீஹர்ஷா கெஞ்சினான்.

"எங்க வூட்ல மூணு தலைமுறையா அதத்தான் பாத்தாங்க. சும்மா இருங்க சார்."

மேம்பாலம் பாதியில் அறுந்த இடத்தில் இருவரும் நின்றார்கள். கேரலின் முகமூடியில் மிச்சக் காற்றைக் காட்டும் முள் சிவப்பில் துடித்தது. கடைக்காரி வடிகட்டியை நீட்டினாள்.

"சரி கண்ணு. எட்டே குடு. ஒனக்காக."

எட்டுக்குக் கீழே நிக்கோல் ஒரு வார்த்தையும் பதியவில்லை. கேரல் வடிகட்டியைப் பார்த்தாள். பிறகு பாலத்துக்கு அப்பால் வெளிச்சம் விழுந்த குன்றைப் பார்த்தாள். மெல்லச் சிரித்தபடி, கடைக்காரிக்கு முதுகைக் காட்டி, இறங்கும் சரிவின் பக்கம் நடந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கடைக்காரி வடிகட்டியை மூட்டைக்குள் செருகினாள். காற்றில் முந்தானை படபடக்க, கேரல் போன பக்கமாக அவள் கால் தரையிலிருந்து எழும்பியது.