அக்கா வந்து அழைத்துப் போனாள்

தையற்காரியும் பஸ் டிரைவரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு வம்பு?" என்று அவர் சிரித்தே மழுப்பிவிடுவார்.

பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றுபோனது. அவள்தான் குளிப்பாட்டினாள், ஊட்டிவிட்டாள். அதுவரை எட்டியே பார்க்காத அவருடைய அக்கா, தம்பியை அழைத்துப்போக வண்டியோடு வந்து நின்றாள்.

தையற்காரி வக்கீலுக்குப் போன் செய்தாள்.

"அவர் வாய் திறந்து சொன்னா சரி. இல்லேன்னா கூடப் பிறந்தவங்க பேச்சுதாம்மா எடுபடும். கேஸ் போடலாம், இழுத்துக்கிட்டே போகும்."

அவர் இடது கையால் அவள் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தார். அக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"சூடா குடுத்தா துப்பிடுவாரு அண்ணி. ஆறவச்சுக் குடுங்க."

"சரி. ஆனா முறை வச்சுக் கூப்பிடாதீங்க."

"நான் வந்து பாக்கலாமா?"

"வீட்டுல மாப்பிள்ளை பாக்குற பொண்ணு இருக்கா. வேணாம்மா."

வண்டி தெருமுனை திரும்பியது. தையற்காரி உள்ளே போய், கட்டிலில் ஈரமாகக் கிடந்த விரிப்பை உருவி ஊறப்போட்டாள்.