நாற்பது ரூபாய் கூட்டிக் கேட்ட பெட்டி

சபைக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் சபைச் செயலர் ஏசுஅடிமை ஏலப் பாக்கிக்காரர்களின் பெயரை வாசிப்பார். மற்றவர்களுக்கு வாழைக்குலை, பூசணி, சேவல் என்று வரும். எனக்கு, "யேசுரத்தினம், கம்ப்யூட்டர் பெட்டி, காலி" என்று வரும். அந்தக் 'காலி' அவராகச் சேர்த்துக்கொண்டது.

நான் மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைத்துப் பெட்டி சுமக்கிறவன். வீறாப்பில் விலையை ஏற்றிவிட்டு முழிக்கிற வியாபாரிகளைத் தினமும் பார்க்கிறேன். சிரித்தும் இருக்கிறேன். இந்த முறை அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மகள் பெமிலா பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படித்தவள். சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் டிசம்பர் முதல் தேதியிலிருந்து வீட்டிலேயே பிளான் வரையத் தருவதாக நாகர்கோவில் இன்ஜினியர் ஒருவர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் வேறொரு பெண் தயாராக இருந்தாள். முழுசாக வாங்க வழியில்லை. அதனால் சிஜின் கடையில் ஒவ்வொரு சாமானாகப் பார்த்துச் சேர்க்கத் தொடங்கினாள். சிஜின் எங்கள் சபைப் பையன்தான்.

முதல் நாள் நானும் போனேன். கண்ணாடிக் கதவும் உள்ளே கலர் கலராக விளக்கும் வைத்து ஒரு பெட்டி நின்றது. கண்ணை எடுக்க முடியவில்லை.

"இத மொதல்ல எடு மக்களே."

"பெட்டி கடைசியிலப்பா. பெட்டி இல்லாட்டியும் கம்ப்யூட்டர் ஓடும்."

"வாறவன் உள்ளயா பாப்பான்? பெட்டியத்தானே பாப்பான்."

"வாறவன் பாக்கதுக்கா வாங்குறோம்?"

முதலில் மதர்போர்டு எடுத்தாள். எல்லாச் சாமானும் அதில்தான் வந்து உட்காருமாம். அடுத்த மாதம் சீப்பு மாதிரி இரண்டு ராம். சிஜின் ஒன்று போதும் என்றான். ஒன்றை வைத்தால் பிளான் திறந்து வருவதற்குள் சோறே வெந்துவிடும் என்றாள். கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையில் விலை குறைந்ததை நான் தொட்டுக் காட்டினேன். "அது போனா தனியாப் போவாதுப்பா, எல்லாத்தையும் கூட்டிட்டுப் போவும்" என்றாள். கடைசியில் புராசசர் மட்டும் மிச்சம். அதுதான் மூளை. பதினோராயிரம்.

அவள் முகத்தைப் பார்த்து சிஜின் ஒரு வழி சொன்னான். அறுப்பின் பண்டிகைக்கு விவசாயி முதற்குலையைக் காணிக்கை வைப்பான், கடைக்காரன் கடைச் சாமானை வைப்பான். எல்லாவற்றையும் ஏலம் விட்டுச் சபை நிதியில் சேர்ப்பார்கள். "இந்த வருசம் எனக்க காணிக்கை ஒரு புராசசரும் அந்த லைட்டுப் பெட்டியும். புராசசர் அட்டை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, சாமான் புதுசு. கோயில்ல அது என்னான்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆயிரத்துக்குள்ள கிட்டும் மாமா."

பண்டிகையன்று பெமிலா வாலிபர் சங்கத் தேநீர்க்கடையில் நிற்க வேண்டியிருந்தது. என் சட்டைப்பையில் இரண்டாயிரத்தை வைத்தாள். "சின்ன அட்டைப்பெட்டி. அது மட்டும். கேட்டியளா?"

கேட்டேன். நன்றாகத்தான் கேட்டேன்.

பூசணிக்காய் போனது, சேவல் போனது. அப்புறம் ஏசுஅடிமை அந்த லைட்டுப் பெட்டியைத் தூக்கி வைத்தார். சிஜின் ஒயரைச் சொருகினான். கோயில் முற்றமே நீலமும் சிவப்புமாக மின்னியது. எதிர்வீட்டு நேசபாய் அக்காள் ஐந்நூறு என்றாள். மகன் பஹ்ரைனில் இருக்கிறான், அவளுக்கென்ன. கிறிஸ்மஸுக்குப் பாலகன் இயேசுவைக் கிடத்தப் புல்கூடு வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இந்த வருசம் கண்ணாடிக்குள் வைக்கலாம் என்று எண்ணம்.

நான் பேசாமல்தான் இருந்தேன். அவள்தான் திரும்பினாள். "என்ன ஓய் யேசுரத்தினம், ஒம்ம வீட்டுக் கம்ப்யூட்டரு மூணு மாசமா உடுதுணி இல்லாமல்லா கெடக்கு? ஒரு பெட்டி கேக்கப்படாதா?"

பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள்.

"அறுநூறு" என்றேன்.

அதற்குப் பிறகு பேசியது நானில்லை. ஆயிரம் போனது, மூவாயிரம் போனது. கடையில் அதன் விலை மூவாயிரத்து இருநூறு என்று சிஜின் கையைக் கையைக் காட்டினான். அவனைப் பார்க்க எனக்கு நேரமில்லை. அவள் ஆறாயிரத்து முந்நூறு என்றாள். நான் நாற்பது கூட்டினேன். அந்த நாற்பது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. மூன்றுதரம் சொல்லி மணியடித்துவிட்டார்கள்.

பேரெழுதிக் கையெழுத்துப் போட மேசைக்குக் கூப்பிட்டார்கள். நான் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன். எழுதுவேன், ஆனால் ஒவ்வொரு எழுத்திலும் ஏறி இறங்கித்தான் போவேன். என் பேரும் சின்னப் பேரில்லை. 'யே' போடும்போது பின்னால் ஏசுஅடிமை, "இது சின்ன அட்டைப்பெட்டி. உள்ள என்னமோ இருக்கு, தின்னுத சாமான் இல்ல" என்றார். 'ரத்' எழுதும்போது நேசபாய், "வெறுங்கையோட போவ மாட்டேன், நானூத்தம்பது" என்றாள். நான் 'ம்' வைத்து நிமிர்ந்தபோது மணியடித்து முடிந்திருந்தது.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தேநீர்க்கடைக்குப் போனேன்.

"சின்னது எங்கப்பா?"

"நேசபாய் எடுத்துட்டா."

"எவ்வளவுக்கு?"

அந்த நானூற்றைம்பதையும் சொன்னேன், என் தலையில் இருந்ததன் விலையையும் சொன்னேன். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு ஒரு சாயா ஊற்றித் தந்தாள்.

மூன்று ஞாயிறு என் பேரை வாசித்தார்கள். டிசம்பர் நெருங்கியது. எதிர்வீட்டில் புல்கூட்டுக்கு மூங்கில் வந்து இறங்கியது. கண்ணாடிப் பெட்டி எங்கள் வீட்டு மூலையில் சும்மா நின்றது. ஒரு நாள் பெமிலா மெதுவாகச் சொன்னாள். "அப்பா, அந்தக்கா அந்தப் புராசசரத் தண்ணி ஊத்திக் கழுவிராம இருக்கணும்."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து போனேன்.

நேசபாய் வாசலிலேயே நின்றாள். "நாப்பது ரூவா மொதலாளி வாறாரு."

"அக்கா, அந்தச் சின்னப் பெட்டி?"

"அரிசிப் பானைக்குள்ள கெடக்கு. ஓடு மாதிரி ஒரு சதுரத்துண்டு. இதுக்காவோய் நானூத்தம்பது? புல்கூட்டுல வாசப்படியாப் போடலாம்னு இருக்கேன்."

"படியாப் போடாதீங்க. அத எனக்குத் தாங்க, லைட்டுப் பெட்டிய நீங்க எடுத்துக்கிடுங்க."

அவள் கண் மின்னியது. ஆனால் குரலில் காட்டவில்லை. "பெட்டிக்க பாக்கி?"

"நீங்க ஆறாயிரத்து முந்நூறு வரைக்கும் வந்தீங்கல்லா, அதக் கட்டுனாப் போதும். ஒங்க நானூத்தம்பத நான் கட்டுதேன்."

யோசித்தாள். "ஒரு காரியம். பெட்டிய நாந்தான் ஏலத்துல எடுத்தேன்னு கோயில்ல வாசிக்கணும். சும்மா முந்நூறுன்னு வாசிச்சா தோத்த கணக்கு. ஆறாயிரத்து முந்நூத்தி நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணா?"

"நீரு நாப்பது சொன்னீருல்லா?"

பானைக்குள் கைவிட்டு அதை எடுத்துத் தந்தாள். அட்டைக்குள் நாலு அரிசி இருந்தது.

அன்றைக்கே பெமிலா அதைப் போர்டில் பூட்டினாள். கண்ணாடிப் பெட்டி எதிர்வீட்டுக்குப் போய்விட்டதால், நான் பழைய மீன்பெட்டி ஒன்றை நன்றாகத் தேய்த்துக் கொண்டுவந்தேன். பிளாஸ்டிக், நாலு பக்கமும் ஓட்டை, காற்றுக்குக் குறைவில்லை. எவ்வளவு தேய்த்தும் ஒரு குறை மட்டும் போகவில்லை. கம்ப்யூட்டர் சூடாக ஆக, தெருப் பூனைகள் ஒவ்வொன்றாக ஜன்னலில் வந்து உட்காரும். பூனைகளுக்கு நடுவில் அவள் முதல் பிளானை முடித்து அனுப்பினாள். இன்ஜினியருக்கு மணம் தெரியாதல்லவா.

அடுத்த ஞாயிறு ஏசுஅடிமை கண்ணாடியை மூக்கில் ஏற்றி வாசித்தார். "நேசபாய், கம்ப்யூட்டர் பெட்டி, ஆறாயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று, ரொக்கம்." அவள் முன் வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு ரூபாயை முகத்தில் அப்படியே வைத்திருந்தாள்.

"யேசுரத்தினம், நானூற்றைம்பது, ரொக்கம். பழைய பாக்கி பைசல். வந்து ஒப்பு வச்சிட்டுப் போரும்."

மேசைக்குப் போனேன். இந்தத் தடவை பின்னால் எதுவும் ஏலம் போகவில்லை. 'யே'யிலிருந்து 'ம்' வரை நிதானமாக எழுதினேன்.