செத்துப்போய் ஓடிப்போன எலி

வேலாயுதம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே பங்களாவில் ஆறு வருஷமாகச் சமையல்காரன். துரையின் கோபம், குடி, கோழிக்கறி எல்லாம் அவனுக்கு அத்துப்படி. துரை வளர்க்கும் இந்த எலிதான் பிடிபடவில்லை.

எகிப்திலிருந்து கப்பலேறிக் கிள்ளான் துறைமுகத்தில் வந்திறங்கிய எலி அது. கைக்கு அடக்கமான உடம்பு, கொக்குக் கால், உடம்பைவிட நீண்ட வால். பகலெல்லாம் தூக்கம், விளக்கு வைத்தால் குதியாட்டம். "நான் பினாங்கு போய் வர்ற வரைக்கும் கம்பு மட்டும் போடு. தண்ணி வைக்காதே. இது செத்தா நீ மூட்டையைக் கட்டு" என்று துரை ரப்பர் தோட்டத்தில் கற்ற தமிழில் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

தண்ணி வைக்காதேயாம்! இதென்ன பாவம்? ஆனால் மனைவி புஷ்பவல்லிக்கு மாசம் ஒன்பது. வேலை போனால் பின்கட்டு அறையும் போகும். வாயை மூடிக்கொண்டு சொன்னபடி செய்தான்.

மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் எலி உருண்டையாகச் சுருண்டு கிடந்தது. தொட்டால் ஜில்லென்றிருந்தது, குலுக்கினாலும் அசையவில்லை. தவிச்ச வாய்க்குத் தண்ணி கொடுக்காமல் கொன்றுவிட்டோமே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளைத்தாய்ச்சி சாவைப் பார்க்கக்கூடாது என்று புஷ்பவல்லியை உள்ளே இருத்திவிட்டு, பொழுது சாய, செம்பருத்தியடியில் குழி தோண்டினான். எலியை வெகுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தான். போகிற உயிருக்குப் பால் விடவேண்டுமே, பஞ்சில் நனைத்து ஒரு சொட்டு விட்டான். எலி கண்ணைத் திறந்தது. ஒரே தாவல், வேலியோரப் புல்லுக்குள் போயே போய்விட்டது.

மறுநாள் துரை வந்தார்.

"எலி எங்கே?"

"செத்துப்போச்சு தொரை. அப்புறம் ஓடிப்போச்சு."

"ரெண்டுல எது?"

"எனக்கே தெரியல தொரை. ரெண்டும் என் கையிலதான் நடந்துச்சு."

துரை கத்தவில்லை. "குளிருக்கு அது அப்படித்தான் தூங்கும். உன் கைச்சூட்டுல முழிச்சிருக்கு. பாலைவனத்துப் பிராணி, தண்ணியே குடிக்காது, விதையில இருக்கிற ஈரமே போதும். இந்த மழையில ஒரு ராத்திரி தாங்காது" என்றார்.

"மூட்டையைக் கட்டவா தொரை?"

"வேணாம். போய் டீ போடு."

அடுப்படியில் அவன் முகத்தைப் பார்த்துப் புஷ்பவல்லி பதறினாள். "வேலை போயிடுச்சா?"

"இருக்கு."

"பின்ன ஏங்க அழுவுறீங்க?"

"செத்ததுக்குப் பால் விடறதா நெனைச்சேன் வல்லி. சாகப்போறதுக்கு விட்டிருக்கேன்."