ஐந்தாவது பட்டை

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, செயற்கைப் பாதம் செய்யும் தொழிற்சாலையின் சோதனை அறையில், கார்பன் இழைப் பட்டை ஒன்று மற்ற நான்கும் தாங்கிய சுமையில் பாதியிலேயே முறிந்தது.

ஐந்தும் ஒரே தகட்டிலிருந்து வெட்டியவை. இழைகளைப் பிணைக்கும் பிசினில் இரண்டு சதவீதம் நானோ சிலிக்கா என்னும் நுண்துகளைக் கலந்திருந்தார்கள். ஆயிரம் துகளை வரிசையாக வைத்தால் ஒரு மயிரிழைத் தடிமன் வரும். விரிசல் ஓடும்போது குறுக்கே நின்று மறிப்பது அதன் வேலை.

சோதனை அதிகாரிக்குத் தொழிற்சாலையில் தசமம் என்று பெயர். வீட்டு வாடகையைக்கூட இரண்டு தசம இடத்துக்குச் சொல்வார் என்பார்கள். ஐந்தில் மோசமானதைத் தள்ளிவிட்டு, 'வெட்டியதில் பிழை' என்று தாளில் எழுதுவது அங்கே பல வருடப் பழக்கம். அன்றும் அதையே செய்யச் சொன்னார். மீதி நாலின் சராசரி வலிமை, துகள் கலக்காத பட்டையைவிட இருபத்திரண்டு சதவீதம் கூடுதலாக வந்திருந்தது.

தாளில் கையெழுத்துப் போட வேண்டியவள் சோதனைக்காரி. அந்தக் கலவையில் செய்யும் பாதத்தை முதலில் மாட்டப்போவது அவள் தம்பி. தபால்காரன், வலது முழங்காலுக்குக் கீழே இல்லை. பழைய பாதம் பிளந்துவிட்டது. ஏப்ரலுக்குள் நடக்காவிட்டால் கடிதம் பிரிக்கும் மேசையில் உட்கார வைத்து, அவன் தெருக்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

அவள் முறிந்த முனையை நுண்ணோக்கியில் வைத்தாள். வெட்டிய விளிம்பு சுத்தமாக இருந்தது. நடுவில், சரியாகக் கரைக்காத மாவில் கட்டி நிற்பதுபோலத் துகள்கள் திரண்டிருந்தன. முறிவு அங்கேதான் தொடங்கியிருந்தது. தகடு வெட்டுபவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கம்மா," என்றார் அவர். "இத்தனை வருஷமா இங்க எது ஒடிஞ்சாலும் என் தலையிலதான் விழுது. வீட்ல டம்ளர் ஒடிஞ்சாக்கூட என்னைத்தான் பாக்கிறாங்க."

தசமமும் குனிந்து பார்த்தார். இதே கலவையில் செய்து மிதி இயந்திரத்தில் வைத்த பாதம் இருபது லட்சம் மிதி தாங்கியதே என்றார். அதில் கட்டி இல்லாமல் இருந்திருக்கலாம், அடுத்ததில் இருக்கலாம் என்றாள் அவள். துகளை அரை சதவீதமாகக் குறைத்தால் கட்டி விழுவதில்லை, ஆனால் பாதத்தை முதலிலிருந்து செய்து மிதிக்கவைத்துத் தேற மூன்று மாதமாவது ஆகும் என்று அவர் நினைவூட்டினார். அது அவளுக்கும் தெரியும்.

மதியம் தம்பிக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஒடிஞ்சா எப்ப ஒடியும்க்கா?"

"அதத்தான் சொல்ல முடியல."

"சரி, மேசையிலயே உக்காந்துக்கிறேன். நாற்காலிக்காவது நாலு கால் இருக்கு."

அவள் ஐந்து எண்களையும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டாள். தசமம் அதை வாங்கிப் படித்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டார். இரண்டு சதவீதக் கலவை நிறுத்தப்பட்டது.

அரை சதவீதப் பாதம் ஜூலை ஒன்பதாம் தேதி தேறியது. வலிமை பதினொரு சதவீதம் கூடியிருந்தது. மறுவாரம் தம்பி பையோடு கிளம்பினான். பழைய தெருக்கள் கைமாறிவிட்டதால் அவனுக்கு வேறு பதினான்கு தெருக்கள் கொடுத்தார்கள்.